தரகர் போன பிறகு அந்த வேலையை யார் செய்வது?

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் காட்டில் ஆண்டுக்கு ஒரு மழைதான் கணக்கு. புரட்டாசி, ஐப்பசியில் விதை மண்ணுக்குள் போகும். வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் தை, மாசியில் உளுந்து, பாசிப்பயறு, குதிரைவாலி, மக்காச்சோளம், கொத்தமல்லி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் களத்துக்கு வந்து சேரும். அதை ஒட்டி மிளகாய் வத்தல். பங்குனி வெயிலில் பூமி கால் நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். அதற்குப் பிறகு அடுத்த விதைப்பு வரை அந்த நிலத்தில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

சென்னையிலோ கோவையிலோ இட்லிக்கு மாவாட்டும் வீட்டுக்கு உளுந்து பன்னிரண்டு மாதமும் வேண்டும். விளைவித்தவருக்கோ தை மாதமே பணம் வேண்டும். உழவுக்கு டிராக்டர் பாக்கி, விதைக்கடைப் பாக்கி, நகையை மீட்க வேண்டிய தவணை, பொங்கல் செலவு எல்லாம் ஒரே வாரத்தில் வாசலில் நிற்கும். வட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் அறுவடை செய்வதால் விலை இறங்கிக் கிடப்பதும் அந்த வாரத்தில்தான். கமிஷன் கடை என்ற ஒன்று இங்கே தழைத்திருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளி.

கோவில்பட்டியில் விவசாயிகளையும் வாங்குகிறவர்களையும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகச் சேர்த்துவைக்கும் ஒருவர் இந்த வேலைக்கு வருவதற்கு முன் அப்படியொரு கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழுவில் எல்லோரும் ‘அட்மின்’ என்கிறார்கள். விளாத்திகுளம் பக்கத்துப் பெரியவர்கள் மட்டும் ‘அட்மின் தம்பி’ என்கிறார்கள். விவசாயியையும் நுகர்வோரையும் இணைப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, இடைத்தரகரை ஒழித்துவிட்டோம் என்பது. இவர் அப்படிப் பேசுவதில்லை. கடைக் கணக்கில் உட்கார்ந்து பார்த்த மனிதருக்கு, தரகர் எடுத்த பணமும் தெரியும், செய்த வேலைகளும் தெரியும்.

அந்த வேலைகளை அவர் வரிசையாகச் சொல்லும்போது நமக்கே மலைப்பாக இருக்கிறது. விதைப்புக்கு முன்பணம் கொடுத்தது தரகர். சாக்கு அனுப்பியது, வண்டி பிடித்தது, எடை போட்டது, மழை வரும் நேரத்தில் மூட்டையைக் குடோனில் அடுக்கியது, வண்டு விழாமல் பார்த்தது, தரம் பிரித்தது, மில்லுக்கு அனுப்பியது, மதுரை, விருதுநகர் மொத்த வியாபாரி இரண்டு மாதம் பணம் தராமல் இழுத்தடித்ததைத் தாங்கியது எல்லாம் அவரே. இதற்கெல்லாம் சேர்த்து நியாயமான கூலியைவிடப் பல மடங்கு எடுத்துக்கொண்டார் என்பதுதான் விவசாயியின் வயிற்றெரிச்சல். “அவரைத் தூக்கியாச்சு சரி, அந்த வேலையெல்லாம் யார் பாக்கது?” என்று அட்மின் கேட்கிறார். இணையவழியில் கிளம்பி ஒரே பருவத்தில் அடங்கிப்போன பல குழுக்கள் இந்தக் கேள்வியிடம் வந்துதான் நின்றுபோயின.

அரசும் இந்த இடைவெளியைக் குறைக்கப் பார்த்ததுண்டு. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு தமிழகம் முழுக்கப் பரவியது, கோவில்பட்டிக்கும் வந்தது. காய்கறி விவசாயிக்கு அது பெரிய வரம். கத்தரிக்காயைக் காலையில் பறித்து, எட்டு மணிக்குள் விற்று, கையில் காசோடு வீடு திரும்பலாம். மானாவாரி உளுந்துக்காரர் ஐந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் என்ன செய்வார்? தோல் நீக்காத உளுந்தை யாரும் கிலோ கணக்கில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவதில்லை. நஞ்சைக்கும் தோட்டத்துக்கும் பொருந்தும் ஏற்பாடு புஞ்சைக்கு அப்படியே பொருந்திவிடாது.

இந்தப் பொருத்தமின்மையை வெகு காலத்துக்கு முன்பே இதே ஊரில் ஒருவர் கண்டிருக்கிறார். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கப்பட்டது. நாட்டின் பழைய ஆராய்ச்சிப் பண்ணைகளில் ஒன்று. பின்னாளில் இயற்கை விவசாயத்துக்காகக் குரல்கொடுத்த நம்மாழ்வார் அரசு வேலையில் சேர்ந்தது 1963-ல், இந்த நிலையத்தில்தான். பருத்தியிலும் சிறுதானியங்களிலும் இடைவெளி எவ்வளவு, உரம் எவ்வளவு என்று சோதனை நடத்தும் வேலை. மழையை மட்டும் நம்பிய சிறு விவசாயிக்கு, செலவு மிகுந்த அந்தச் சோதனைகளால் பயன் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அறுபதுகளின் இறுதியில் வேலையை விட்டார். 2013 டிசம்பர் 30-ல் காலமாகும்வரை ஊர் ஊராக நடந்து அவர் பேசியதைக் கேட்டு வளர்ந்த நகரத்துக் குடும்பங்கள்தான் இன்று இந்தக் குழுக்களில் உளுந்தும் குதிரைவாலியும் கேட்கிறவர்களில் கணிசமானோர். சென்னையில் ரீஸ்டோர், ஓ.எஃப்.எம். போன்ற இயற்கை அங்காடிகளை லாப நோக்கில்லாமல் நடத்தியவர்களும் அந்த அலையில் வந்தவர்களே.

கைபேசி எந்த அளவுக்கு உதவும் என்பதை 2020 காட்டிக்கொடுத்தது. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் மண்டிகள் முடங்கின. ஈரோடு மாவட்டம் கேர்மாளம் பகுதியில் முட்டைக்கோஸ் பயிரிட்டிருந்த விவசாய சங்கத் தலைவர் கண்ணையன் சுப்பிரமணியம், ஏப்ரலில் தன் வயலில் நின்று ஒரு வீடியோ எடுத்து ட்விட்டரில் போட்டார். வாங்க ஆளில்லாத காயை இன்ன விலைக்குத் தருகிறேன் என்ற எளிய செய்திதான். பெங்களூர் வரை போய்ச் சேர்ந்தது, ஆட்கள் வாங்கினார்கள். அதைப் பார்த்து அவர் தன் கணக்கை மற்ற விவசாயிகளின் விளைச்சலை விற்கவும் திறந்துவிட்டார்.

கோவில்பட்டியிலும் அந்த வேனிலில் குழு திடீரென்று நிரம்பியது. ஒரு குழுவுக்கு 256 பேர்தான் என்று வாட்ஸ்அப் அப்போது வரம்பு வைத்திருந்தது; ஊருக்கு ஒன்றாக, பொருளுக்கு ஒன்றாகப் பிரித்தாக வேண்டியிருந்தது. 2022-ல் அந்த வரம்பு 1,024 வரை உயர்ந்தபோதும் அட்மின் குழுக்களை ஒன்றாக்கவில்லை. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் விவசாயி வாயைத் திறப்பதில்லை என்பது அவர் கண்டது. அறுபது வயதுக்காரர் தமிழில் தட்டச்சுச் செய்து விலை சொல்ல மாட்டார், குரல்பதிவு போடுவார். கூட்டம் பெரிதானால் அதற்கும் கூச்சப்படுவார்.

முட்டைக்கோசுக்கும் உளுந்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு. கோஸ் காத்திருக்காது. கரிசல் சரக்கு எல்லாமே காய்ந்த சரக்கு. பயறு, தானியம், வத்தல், மல்லி, எள் எதற்கும் ஐஸ் வேண்டாம், குளிர்பெட்டி வண்டி வேண்டாம். சாக்கில் கட்டி நான்குவழிச் சாலையில் போகும் பார்சல் லாரியில் ஏற்றினால் போதும், மறுநாள் சென்னை. மழையில்லாத பூமி என்று சலித்துக்கொள்கிற ஊருக்கு, இணைய விற்பனைக்கு இவ்வளவு தோதான விளைச்சல் வாய்த்திருக்கிறது. ஆனால் காய்ந்த சரக்கு என்றாலே வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு மூட்டை உளுந்து வீட்டுச் சமையலறைக்குப் போகிற வழியைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எட்டயபுரம் பக்கத்துக் களத்தில் அட்மின் மூட்டை வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுக்கிறார். மேலே இருப்பது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். சட்டென்று இரண்டாக உடைந்தால் காய்ச்சல் சரி. பல் பதிந்து அமுங்கினால் இன்னும் இரண்டு வெயில் காண வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கு மீட்டர் இருக்கிறது, அவரிடமும் ஒன்று உண்டு. பல்லில் கடித்த பிறகுதான் மீட்டரை எடுக்கிறார். பிறகு சுளகு. தீப்பெட்டி ஆபீசில் வேலை குறைந்த நாட்களில் வரும் பெண்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து புடைக்கிறார்கள். சுளகை ஒரு தட்டுத் தட்டினால் சருகும் தூசியும் முன்னே பறக்கும். பக்கவாட்டில் ஓர் ஆட்டு ஆட்டினால் மண்கட்டி பின்னே ஒதுங்கும். கரிசல் மண்கட்டி கறுப்பு, உளுந்தும் கறுப்பு. மில்லில் உள்ள கல் நீக்கும் எந்திரத்தையும் ஏமாற்றிவிட்டுக் கூடவே போகும் உருண்டையை இந்தக் கைகள் விடுவதில்லை.

விலைக் கணக்கை அவர் குழுவில் ஒளிக்காமல் போடுகிறார். 2024-25 பருவத்துக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். கிலோ 74. கடையில் வெள்ளை உளுந்து இதைவிட எவ்வளவோ கூடுதலாக விற்கிறதே, நடுவில் இருப்பவர் அத்தனையும் கொள்ளையடிக்கிறாரா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். நூறு கிலோ உளுந்தைத் தோல் நீக்கினால் எழுபது, எழுபத்தைந்து கிலோ பருப்புதான் தேறும். தொலியும் நொய்யும் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். ஆக 74 ரூபாய் உளுந்து மில்லை விட்டு வெளியே வரும்போதே நூறு ரூபாய் ஆகிவிடுகிறது. மில் கூலி, புடைத்த கூலி, பை, பார்சல் எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு பேரம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். விவசாயிக்கு ஆதரவு விலைக்கு மேல் எத்தனை ரூபாய் போகிறது என்ற வரியும் அதிலேயே இருக்கும். என் பார்வையில் இந்தத் தொழிலின் மிகப் பெரிய புதுமை அந்த ஒரு வரி. கமிஷன் கடைச் சிட்டையில் விவசாயி பார்க்க முடியாததும், பலசரக்குக் கடை ரசீதில் வாங்குபவர் பார்க்க முடியாததும் அதுதான்.

மில்லில் இழப்பதைக் குறைக்க இன்னொரு வழி, தொலியோடு உடைத்து விற்பது. திருநெல்வேலி, தூத்துக்குடி வீடுகளில் தொலி உளுந்து இல்லாமல் உளுந்தஞ்சோறு கிடையாது. சென்னைக்காரர்களுக்கு அந்தக் கறுப்பைப் பார்த்தாலே தயக்கம். கழுகுமலைப் பக்கத்து விவசாயி வீட்டு அம்மா ஒருவர் குரல்பதிவில் பக்குவம் சொன்னார்: “தொலியோட போடும்மா. அரிசிக்குப் பாதி உளுந்து. ரெண்டு பல்லு பூண்டு, செத்த வெந்தயம், கடேசில தேங்காயத் துருவிப் போட்டு எறக்கு. எள்ளுத் தொவையல் வச்சுச் சாப்புட்டுப் பாரு.” அந்தப் பதிவுக்குப் பிறகு தொலி உளுந்து கேட்டு வந்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள். விளம்பரத்தில் இதைச் செய்ய முடியாது. விளைவித்த வீட்டின் அடுப்படியிலிருந்து வந்த குரல் என்பதால்தான் நடந்தது.

குதிரைவாலியின் கதை வேறு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் எங்கு பார்த்தாலும் குதிரைவாலிக்கு ஏக மதிப்பு. அதன் மேலோடு கடினமானது. உமியை நீக்கி அரிசியாக்கினால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். தவிடு போகாமல் தீட்டிய அரிசியில் கொழுப்பு இருப்பதால் ஓரிரு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். உமியோடு இருக்கும் தானியமோ ஆண்டுக்கணக்கில் கெடாது. எனவே தானியமாகவே விவசாயி வீட்டுப் பத்தாயத்தில் கிடக்கட்டும், ஆர்டர் சேரச் சேர அரைப்போம் என்பது அட்மின் வகுத்த முறை. மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் மூடும், மில்லுக்குப் போகும், வாரத்துக்குள் பார்சல். “இன்னைக்கு ஆர்டர் போட்டா நாளைக்கு வராதா?” என்று கேட்டு விலகிப்போனவர்கள் உண்டு. இருந்தவர்கள் வாடையில்லாத அரிசியைச் சாப்பிட்டார்கள்.

‘ஆர்கானிக்கா?’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதில்லை என்பது குழுவின் கட்டுப்பாடு. கரிசலில் குதிரைவாலிக்கும் கம்புக்கும் பெரும்பாலும் யாரும் மருந்து அடிப்பதில்லை. அதற்குச் செலவழிக்க ஆளில்லை. பருத்தியும் மிளகாயும் அப்படியல்ல. 2018-ல் படைப்புழு வந்தபிறகு மக்காச்சோளத்துக்கும் மருந்து ஏறிவிட்டது. எனவே எந்தப் பயிருக்கு எப்போது என்ன அடித்தார் என்பதை விவசாயியே பதிவில் சொல்ல வேண்டும். இரண்டு தடவை அடித்தவர் இரண்டு தடவை என்கிறார். அதை அறிந்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முழுக்க இயற்கைக்கு மாறிய சிலர், பக்கத்து விவசாயிகள் ஒருவர் காட்டை ஒருவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் பி.ஜி.எஸ். முறையில் சேர்ந்திருக்கிறார்கள். குறைந்தது ஐந்து பேர் கூட வேண்டும். மானாவாரிக்காரருக்கு, பணம் கட்டி வாங்கும் சான்றிதழைவிட இது கைக்கெட்டும் வழி. அரைத்துப் பையில் அடைத்து விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். ஆண்டுக்கு நூறு ரூபாய்தான், எடுத்துவிடலாம். அதையும் விவசாயிகளுக்கு விண்ணப்பித்துக் கொடுத்தது அட்மின்தான்.

இந்த வேலையின் மையம் அறுவடைக்குப் பின்னால் இல்லை, விதைப்புக்கு முன்னால் இருக்கிறது. ஆவணி முடிவில் குழுவில் ஒரு பட்டியல் ஓடும். எந்தக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோ உளுந்து, எத்தனை கிலோ வத்தல் என்று எழுதி, மதிப்பில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிடுவார்கள். 2016-ல் யு.பி.ஐ. வந்திராவிட்டால் இந்தச் சின்னச் சின்னத் தொகைகளை வசூலிக்கவே தனி ஆள் வேண்டியிருந்திருக்கும். அந்தப் பணத்தில்தான் உழவும் விதையும். தரகரின் முன்பணம் வந்த இடத்தில் சாப்பிடுகிறவரின் முன்பணம் வந்து நிற்கிறது. அதனால்தான் தை மாதத்தில் விவசாயி வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஜப்பானில் எழுபதுகளில் ‘தெய்கெய்’ என்ற பெயரில் இல்லத்தரசிகளும் விவசாயிகளும் நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் சாரமும் இதுவே. 2011-ல் பிரான்சில் தொடங்கிய ‘லா ரூஷ் கி தி வீ’ அதை இணையத்துக்குக் கொண்டுபோனது. அங்கே விலையை வைப்பவர் விவசாயி, எவ்வளவு ஆர்டர் சேர்ந்தால் கொண்டுவருவேன் என்று சொல்பவரும் அவரே.

முன்பணம் என்றால் நட்டத்திலும் பங்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அது சோதனைக்கு வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் கண்மாய் உடைந்து, அறுவடைக்கு நின்ற உளுந்தும் பாசியும் தண்ணீரில் கிடந்தன. ஈரம் காக்கும் கரிசல் மண் தண்ணீரை எளிதில் விடாது; வெயில் அடித்த பிறகும் காட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. நெற்றுக்குள்ளேயே உளுந்து முளைத்துவிட்டது. பாதிக்கப்பட்ட ஒருவர் குழுவில் போட்ட பதிவு நீளமானதல்ல: “யய்யா, ஒண்ணும் தேறல. நீங்க குடுத்த துட்டு காட்டுலதான் கெடக்கு.”

முன்பணத்தில் உழவுக்கும் விதைக்கும் போனது திரும்பாது என்பது விதைப்பின்போதே எழுதிவைத்திருந்த பேச்சு. எழுதிவைத்ததை நட்டத்தின் நாளில் மதிக்க வேண்டுமே! சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. விற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு ரூபாய் ஒதுக்கிச் சேர்த்த பொதுப்பணம் அதற்கு உதவியது. பெரும்பாலோர் அடுத்த ஆண்டுக் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் வீட்டுக்கு ஒதுக்கிய உளுந்தைப் பற்றி எதுவும் கேட்காமல், அந்த விவசாயியின் வீட்டுக்கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். மழைக்குத் தப்பிய மேட்டுக்காட்டுக்காரர்கள் தங்கள் மூட்டையிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்து கொடுத்தார்கள். யாருக்கும் முழு அளவு கிடைக்கவில்லை, எல்லோருக்கும் ஏதோ கிடைத்தது. கமிஷன் கடையில் அந்த ஆண்டின் கடன் வட்டியோடு மறு ஆண்டுக்கு ஏறியிருக்கும். இங்கே கடனே இல்லை.

ஊரின் பெயருக்கு இருக்கும் மதிப்பு விவசாயி வரை போய்ச் சேர வேண்டும் என்ற கவலையும் அட்மினுக்கு உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு உலகெங்கும் பெயர். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் கிடைத்தது. மிட்டாய்க்கான குறியீடு செய்பவரைக் காக்கிறது, கடலை போட்டவரை நேரடியாகக் காப்பதில்லை. முண்டு மிளகாயில் விளைச்சலுக்கே குறியீடு என்பதால் அந்த வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வத்தல் களத்தில் காயும்போது ஒரு மழை பட்டால் நிறம் வெளுத்துச் சோடை ஆகிவிடும். சோடையைப் பிரிக்காமல் கலந்து அனுப்பினால் எந்தக் குறியீடும் காப்பாற்றாது. அதனால் தார்ப்பாய் வாங்கக் குழு பணம் கொடுத்தது. ஆயிரம் பதிவுகளைவிட அந்தத் தார்ப்பாய்கள் வத்தலுக்குக் கூடுதல் விலை வாங்கித்தந்தன என்பது அட்மின் அடித்துச் சொல்லும் செய்தி.

இப்போது அவர் மல்லுக்கட்டுவது கருங்கண்ணிப் பருத்தியோடு. கரிசலின் சொந்தப் பருத்தி, ஆழ வேர் விட்டு மழைக்குறைவைத் தாங்குவது, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமே பல ரகங்களாக மேம்படுத்தியது. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு காட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. குழுவில் கைத்தறி வேட்டியும் துண்டும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விதைக்க முன்வந்த விவசாயிகளும் சிலர் இருக்கிறார்கள். நடுவில் இருப்பது பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங். மில்காரருக்கு எந்திரத்தைத் துடைத்து வேறு பஞ்சு கலக்காமல் ஓட்ட வேண்டுமானால் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் பருத்தி வேண்டும். இந்த ஆண்டு சேர்ந்தது அந்த அளவுக்கு எட்டவில்லை. புதூர், நாகலாபுரம் பக்கத்து ஆட்களிடம் பேசியிருக்கிறார். வரும் புரட்டாசிக்குள் இன்னும் சில ஏக்கர் சேர்ந்தால் மில்லில் ஒரு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விதை மட்டும் வந்துவிட்டது, அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது.